புளியந்தோப்பு முகவரியும் முதல் வேலையும்

மதிப்பிற்குரிய அம்மா,

வடசென்னையின் புளியந்தோப்பில் வசிக்கும் தங்கள் மகன் ஒரு நிறுவனத்தின் எழுத்துத் தேர்வில் தேறியும், நேர்காணலில் "புளியந்தோப்பில் எந்தப் பக்கம்?" என்று கேட்டவர்கள் பிறகு அழைக்கவே இல்லை என்றும், இனி வசதியான பகுதியான அண்ணா நகரில் உள்ள உறவினரின் முகவரியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம். பணியில் சேர்க்கும்போது முகவரியைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் பல உண்டு. பொய் என்று தெரிந்தால் கைக்கு வந்த வேலையும் போய்விடும். ஆனால் பயோடேட்டாவில் தெருவரை எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. சென்னை என்ற ஊர்ப்பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகியவை போதும். தந்தையின் தொழில், மதம், சாதி ஆகியவற்றைத் தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் தானாக முன்வந்து எழுதத் தேவையில்லை.

அந்த நிறுவனம் ஏன் அழைக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் தங்கள் சந்தேகம் வெறும் கற்பனை அன்று. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டபோது, தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. பெயருக்குப் பின்னால் சாதியை எழுதும் வழக்கம் நம்மிடம் பெரும்பாலும் இல்லாததால், வியாசர்பாடி, காசிமேடு போன்ற வடசென்னைப் பகுதிகளின் பெயர்களைக் கொண்டே சிலர் ஆளை எடைபோடுகிறார்கள். இதைத் தங்கள் மகனிடம் மறைக்காமல் பேசுங்கள். தன் ஆங்கிலத்தின் மீதும் உடையின் மீதும் முழுப் பழியையும் போட்டுக்கொண்டு, அடுத்த நேர்காணலுக்கே போகாமல் ஒதுங்கிவிடும் பிள்ளைகளைக் காணும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

இதைவிடவும் ஆழமாகப் பாதிப்பது நேரமின்மை. மாலையில் பார்சல் கிடங்கு வேலைக்குப் போகும் தங்கள் மகனைப் போன்ற மாணவரால், சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பில் சேர முடிவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோ அதே மூன்று மாதத்தில் அனுபவமும் அறிமுகமும் பெற்றுவிடுகிறார். எனவே கிடங்கில் கணக்கு எழுதியது, சரக்கு சரிபார்த்தது ஆகியவற்றைப் பயோடேட்டாவில் பணி அனுபவமாகவே எழுதச் சொல்லுங்கள், பி.காம். மாணவருக்கு அது பொருத்தமான அனுபவம்தான். பட்டம் பெற்றதும், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி உதவித்தொகையுடன் பயிற்சி தரும் இடங்களுக்கு, தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கல்லூரியிலேயே யாராவது சாதியையோ பகுதியையோ சொல்லி இழிவுபடுத்தினால், தேதியுடன் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன.

தமிழக அரசுப் பணிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளையும் கூடவே எழுதட்டும். அங்கே 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குள்ளும் பொதுப்பிரிவிலும் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பை ஆங்கில வழியில் படிப்பதால் இந்த முன்னுரிமை கிடைக்காது என்று தங்கள் மகன் நினைத்திருக்கிறார். பட்டத் தகுதி கேட்கும் குரூப் 2 தேர்வுக்கு அது சரி. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 பணிகளுக்கோ, முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்திருந்தாலே போதும். அதற்கான சான்றிதழைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் இந்த மாதமே வாங்கி வையுங்கள்; நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும்.