மானியம் நின்றால் சோலார் வீணா?

கேள்வி: நான் மன்னார்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 64. வீட்டில் இரண்டு ஏசி. கடந்த ஆண்டு ஆறு ரசீதுகளும் சேர்த்து 4,000 யூனிட் ஓடியிருக்கிறது. ஏறத்தாழ 21,400 ரூபாய் கட்டினேன். 3 கிலோவாட் சோலாருக்கு 1,95,000 ரூபாய் கோட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். மத்திய அரசு மானியம் 78,000 கிடைக்குமாம். திட்டம் 2027 மார்ச்சோடு முடிகிறது, உடனே போட்டுவிடுங்கள் என்று நெருக்குகிறார்கள். ஆனால் மொட்டை மாடி ஒழுகுகிறது, தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும். கொத்தனார் சம்பா அறுவடை முடிந்துதான் வருவேன் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகனோ, "இங்கே மானியத்தை நிறுத்திவிட்டார்கள், மானியம் இல்லாமல் சோலாரைத் தொடாதீர்கள்" என்கிறான். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்ட பணத்தை எடுத்துச் செய்யலாமா? வயலில் உள்ள பம்ப்செட்டுக்கும் சோலார் வைத்தால் லாபம் உண்டா?

பதில்: சார், மானியம் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டுக்குச் சோலார் கட்டுப்படியாகும். ஆனால் 3 கிலோவாட் வேண்டாம், 2 போதும். மானியம் கிடைத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

நம் மின்கட்டணம் படிக்கட்டு போன்றது. முதல் 100 யூனிட் இலவசம். 400 வரை ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800-ஐத் தாண்டினால் பத்துக்கு மேல். சோலார் உங்கள் ரசீதில் கழிப்பது மேல்படியில் இருக்கிற இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான். நீங்கள் அனுப்பிய ரசீதுகளில் மார்ச்-ஏப்ரலுக்கு 880 யூனிட், கட்டியது 5,610 ரூபாய். அந்த இரண்டு மாதத்தில் 2 கிலோவாட் பேனல் நம்மூர் வெயிலுக்கு 520 யூனிட் வரை கொடுக்கும். மிச்சம் 360 யூனிட். அதற்குப் பில் ஆயிரம் ரூபாய்கூட வராது. யூனிட்டில் அறுபது சதவீதம்தான் குறைகிறது, பணத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது.

இதே கணக்கை ஆறு ரசீதுக்கும் போட்டுப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி இறங்குவதையும் சேர்த்துத்தான். 2 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 18,400 ரூபாய் மிச்சம். 3 கிலோவாட் வைத்தால் பில் முழுக்கவே போய் 21,400 மிச்சம். அதாவது மூன்றாவது கிலோவாட் சம்பாதித்துத் தருவது வருடத்துக்கு மூவாயிரம்தான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையோ 55,000. மானியத்தில் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 வருகிறது என்பதால்தான் எல்லோருக்கும் மூன்றையே எழுதித் தருகிறார்கள். முதல் இரண்டுக்குத் தலா 30,000 என்பதைக் கவனியுங்கள்.

2 கிலோவாட்டுக்குத் தனி கோட்டேஷன் கேட்டதில் 1,40,000 சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மானியம் 60,000 போனால் கைக்காசு 80,000. நாலரை வருடத்துக்குள் வந்துவிடும். மானியமே இல்லையென்றால் ஏழரை வருடம் சொச்சம். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு தாங்காது, பத்தாவது வருடத்தை ஒட்டி முப்பதாயிரம் ஒதுக்கி வைக்க வேண்டும். வருடா வருடம் உற்பத்தி கொஞ்சம் தேயும், கழுவ ஆள் கூலி இருக்கிறது. எல்லாவற்றையும் கழித்து இருபது ஆண்டுக்குப் பார்த்தால், மானியம் இல்லாமலே போட்ட பணத்துக்கு வருடம் ஒன்பது சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்த வருமானத்துக்கு வரியும் இல்லை. பிரமாதம் என்று சொல்லமாட்டேன், மோசமும் இல்லை.

இதே கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் வருடம் முழுக்கக் கட்டுவதே நாலாயிரத்துச் சொச்சம். அவர்கள் மானியம் இல்லாமல் சோலார் போட்டால் முதல் திரும்புவதற்குள் பேனலுக்கு வயதாகிவிடும்.

உங்கள் மகன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் வீட்டுச் சோலாருக்குத் தந்துவந்த 30 சதவீத வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அங்கே ஒரு வாட்டுக்குச் செலவு மூன்று டாலரை ஒட்டி வரும். நமக்கு ஒரு டாலர்கூட ஆவதில்லை. அடிவிலையே அவ்வளவு என்னும்போது 30 சதவீதம் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் கலிபோர்னியாவை அவரிடம் கேட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரலில், வரிச்சலுகை இருந்தபோதே, வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் மின்சாரத்துக்குத் தரும் விலையைக் கடுமையாகக் குறைத்தார்கள். புதிதாகச் சோலார் போடுபவர்கள் எண்ணிக்கை அங்கே விழுந்தது அதற்குப் பிறகுதான்.

நம் பக்கமும் நான் பயப்படுவது மானியத்துக்காக அல்ல, இதற்காகத்தான். பகலில் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டை இரவில் எடுக்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழிப்பதுதான் நெட் மீட்டரிங். தமிழ்நாட்டில் 2019-ல் இதை மாற்றி, வெளியே போகும் யூனிட்டுக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவான விலை என்றார்கள். 2021-ல் வீடுகளுக்குப் பழைய முறை திரும்ப வந்தது. நாளைக்கு மறுபடி மாற்றினால், மானியமும் இல்லாத நிலையில், உங்கள் முதல் திரும்புவது பத்து ஆண்டை ஒட்டிப் போகும். அதனால் இருவழி மீட்டருக்கான ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றையும் காலை பத்துக்கும் மூன்றுக்கும் நடுவில் ஓட்டிப் பழகுங்கள். வெளியே அனுப்பும் யூனிட்டின் விலையைக் குறைத்தாலும், வீட்டிலேயே செலவான யூனிட்டை அது தொடாது.

இப்போது மாடி. ஒழுகும் தளத்தில் போல்ட் அடித்துப் பேனலை ஏற்றிவிட்டு, பிறகு கழற்றித் தட்டோடு பதிப்பது இரட்டைச் செலவு. 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி போதும். கொத்தனாரிடம் பேசி அந்த 200 சதுர அடியை மட்டும் இப்போது முடித்துத் தரச் சொல்லுங்கள், மீதி மாடி அறுவடைக்குப் பிறகு ஆகட்டும். விண்ணப்பம் போட்டுவிட்டால் மானியம் உறுதி என்று யார் சொன்னாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். பேனல் பொருத்தி, மீட்டர் மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகையும் உங்கள் பொறுப்பு. கொத்தனார் வரவே மாட்டேன் என்றால் 60,000 போகிறது என்று விட்டுவிடுங்கள். ஒழுகுகிற மாடிக்கு அந்தப் பணம் ஈடாகாது.

பக்கத்துக் கொல்லைத் தென்னையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மாடிக்குப் போய், மட்டையின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்கட்டியால் கோடு போடுங்கள். வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் சேர்ந்து குறையலாம். 2018 கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் தாங்கு சட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கால்களைத் தளத்தில் எப்படிப் பிணைக்கிறார்கள், காற்றுக்கு என்ன உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி இல்லாத இந்த வகைச் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வீட்டில் இருக்கிற யுபிஎஸ்ஸை விற்றுவிடாதீர்கள்.

மூத்த குடிமக்கள் சேமிப்பைத் தொட வேண்டாம். அது 8.2 சதவீதம் தருகிறது. நீங்கள் போட்டு மூன்றாவது வருடம் நடக்கிறது, இப்போது கணக்கை முடித்தால் அசலில் ஒரு சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்தத் திட்டத்துக்கு அரசு வங்கிகள் அடமானம் இல்லாமல் 6 சதவீதத்தை ஒட்டிக் கடன் தருகின்றன. உங்கள் வயதுக்கு எத்தனை வருடத் தவணை கிடைக்கும் என்று கிளையில் கேளுங்கள். மகன் பெயரையும் சேர்த்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, வீடு எப்படியும் அவருக்குத்தானே.

பம்ப்செட்டுக்கு வேண்டாம். விவசாய இணைப்புக்கு நீங்கள் கட்டணமே கட்டுவதில்லை. அங்கே சோலார் எதை மிச்சப்படுத்தப் போகிறது?