அரைவரியில் வந்த அம்மா

கேள்வி: பழைய கட்டடங்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளையும், குழாய்களின் மேல் பூசிய வெப்பக்காப்புப் பூச்சையும் பெயர்த்தெடுக்கும் ஒப்பந்தக் குழுவில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காற்று மாசால் புற்றுநோய் வரும் என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எங்கள் வீடு பெருஞ்சாலையை ஒட்டியிருக்கிறது. மூன்று வயது மகளும் 61 வயது அம்மாவும் உடன் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் பாத்திரங்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டோம். காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் வாங்குவதா, வீட்டையே மாற்றிவிடுவதா? களைத்துப்போய் வருவதால் என்னால் வேறெதையும் கவனிக்க முடிவதில்லை. என் வேலை உடுப்பைக்கூட அம்மாதான் பால்கனியில் உதறித் துவைத்துப் போடுகிறார்.

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம், தம்பி; இங்கே அதைச் சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். சாலைப் புகைக்கு ஒன்றரைப் பக்கம், பிளாஸ்டிக்குக்கு ஒரு பக்கம், இயந்திரங்களின் வகைகளுக்கும் விலைகளுக்கும் மீதி. அம்மாவுக்குக் கிடைத்தது அரைவரி. அந்த அரைவரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உதறித் துவைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சட்டையை உதறுபவர் அதன் இரு தோள்களையும் பிடித்து, தன் முகத்துக்கு நேரே தூக்கித்தான் உதறுவார். பகல் முழுவதும் நீங்கள் பெயர்த்தெடுத்த பொருளின் தூசு அந்த நொடியில் அவருடைய மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் பறக்கிறது. கல்நார், அதாவது நீங்கள் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ், அதன் இழை நீளவாக்கில் பிரிந்து பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்துவிடக் கூடியது. அதற்கு வாசனை கிடையாது, மூச்சை அடைக்காது, தும்மலும் வராது என்பதால் உடல் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலின் அடியாழம்வரை சென்று தங்கினால், உடலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுவதுமாக வெளியேற்றவும் முடியாது. உங்களுக்கு வேலையிடத்தில் முகமூடி தருகிறார்கள் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு யார் தந்தார்கள்?

இது என் கற்பனை பயம் அல்ல. 1965இல் நியூஹவுஸ், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள், லண்டன் மருத்துவமனை ஒன்றின் பதிவுகளில் மீசோதீலியோமா நோயாளிகள் 76 பேரின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார்கள். நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள உறையில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் கல்நார். அந்த 76 பேரில் ஒன்பது பேர் கல்நார் ஆலைக்குள் வேலை பார்த்தவர்கள் அல்லர். அதில் வேலை பார்த்தவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒன்பதில் ஏழு பேர் பெண்கள். அவர்களிடம் பெரும்பாலும் கிடைத்த வரலாறு ஒன்றுதான்: கணவனுடைய வேலை உடுப்பைத் துவைத்தவர்கள். மீதி இருவரும் ஆண்கள். எட்டு ஒன்பது வயதுச் சிறுவர்களாக இருந்தபோது அவர்களுடைய அக்காமார் கல்நார் ஆலைக்குப் போய்வந்திருக்கிறார்கள். அவ்வளவே அவர்கள் செய்த குற்றம். அம்மா பால்கனியில் சட்டையை உதறும்போது உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வயதுக் குழந்தை பாட்டியை விட்டு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஆறு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே என்று அம்மா சொல்லக்கூடும். இந்த நோய் வெளிப்படப் பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்த ஆறு ஆண்டுகள் எதற்கும் சாட்சி இல்லை.

சாலைப் புகையைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகையை 2012இலும் வெளிக்காற்று மாசை 2013இலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. கல்நார் அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, எது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. ஆபத்தைத் தீர்மானிப்பது அளவும் காலமும் நெருக்கமும். நல்ல வடிகட்டியுள்ள இயந்திரம் ஓர் அறையின் நுண்தூசியைக் குறைக்கும், வாங்குங்கள். ஆனால் ஊர் முழுவதற்கும் பொதுவான புகைக்கு இயந்திரம் தேடிவிட்டு, உங்கள் தோளில் ஏறி வீட்டுக்குள் வரும் தூசுக்கு வழிவிடுவது என்ன நியாயம்?

களைத்து வருவதாகச் சொல்கிறீர்கள். 61 வயதில் அவரும் களைத்துத்தான் இருப்பார். பிள்ளைக்காகத் தாய் எதையும் செய்வாள் என்று பெருமையாகப் பேசிக்கொள்ளும் வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எதையும் செய்வாள் என்பதாலேயே அவள் கையில் எதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்யவேண்டியது பிள்ளையின் கடமை. சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் அந்தக் கடமை தீர்ந்துவிட்டதாக நினைக்கும் ஆண்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு இருந்ததில்லை.

‘சரி, இனி நானே துவைத்துக்கொள்கிறேன்’ என்று பதில் எழுதிவிடாதீர்கள். துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் இழைகள் குழந்தையின் உடுப்பில் போய் ஒட்டும். அந்த உடுப்பு வீட்டு வாசலையே தாண்டக் கூடாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986ஆம் ஆண்டுக் கல்நார் உடன்படிக்கை, வேலை உடுப்பை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைத் தடை செய்யவேண்டும் என்றும், அதைச் சுத்தம் செய்வது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்றும் சொல்கிறது. உங்கள் நாடு அதில் கையெழுத்திட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தக்காரரிடம் போய்க் கேட்பதற்கு அது போதுமான ஆதாரம். ஒருமுறை அணிந்து எறியும் முழு உடுப்பு, உடை மாற்ற இடம், தலையோடு குளிக்கத் தண்ணீர், தகட்டை உடைக்காமலும் ஈரப்படுத்தியும் கழற்றும் முறை, முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் தகுந்த வடிகட்டி முகமூடி ஆகியவற்றைக் கேளுங்கள். துணி முகமூடியும் மருத்துவமனை முகமூடியும் இந்த இழைக்கு உதவா. தனியாகப் போகாமல் குழுவில் உள்ள அனைவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உதறிக்கொண்டுதான் இருப்பார். மறுத்தால் தொழிலாளர் ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆறு ஆண்டுகள் கேட்காமல் இருந்ததற்கு நீங்கள் என்ன காரணம் வைத்திருந்தாலும் அது எனக்கு வேண்டாம்.

பால்கனியில் தேங்கியிருப்பதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சாதாரண வாக்குவம் கிளீனரையும் வைக்காதீர்கள். இரண்டுமே படிந்ததை மறுபடி காற்றில் ஏற்றும். ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைக் காயவிடாமல் பையில் இறுகக் கட்டி, கல்நார்க் கழிவோடு சேர்த்து அப்புறப்படுத்துங்கள். அதைச் செய்யவேண்டியவர் நீங்கள், தகுந்த முகமூடியோடு, மகளும் அம்மாவும் வீட்டில் இல்லாத நேரத்தில். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். கல்நாரும் புகையிலையும் ஓருடலில் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பன்மடங்கு ஏறுகிறது.

அம்மாவுக்கு விடாத இருமலோ மூச்சிரைப்போ மார்புவலியோ எப்போது வந்தாலும், அது பத்து ஆண்டு கழித்தே ஆனாலும், தனியாக மருத்துவரிடம் அனுப்பாதீர்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று மருத்துவர் அவரைக் கேட்பார். வீட்டில்தான் இருந்தேன் என்று அவர் சொல்வார். கேள்வி அத்தோடு முடிந்துவிடும். நீங்கள் கூடவே போய், இத்தனை ஆண்டுகள் என்னுடைய கல்நார்த் தூசு படிந்த உடுப்பை இவர் துவைத்தார் என்று முதலில் சொல்லுங்கள். மருத்துவர் அதைக் குறிப்பில் எழுதும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.