தகரப் பெட்டிக்குள் தூங்கலாமா?

கேள்வி: மரக்கறி ஏற்றிய பழைய பெட்டி ட்ரெயிலர் ஒன்று சும்மா கிடக்கிறது. குடும்பத்தோடு பயணம் போய்த் தங்கும்படி மாற்றலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: மாற்றலாம், ஆனால் கட்டிலுக்கு முன் ஈரத்தை யோசியுங்கள். ஜனவரி இரவில் உங்கள் ஊர்க் குளிரில் வெறும் தகரம் சில்லிட்டுப்போய், உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சுக்காற்றே அதில் நீராகப் படிந்து விடியும்போது மெத்தையில் சொட்டும். சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் ரெஜிபோம் (குளிர் தடுக்கும் வெள்ளை நுரை) பலகையை இடைவெளி விடாமல் ஒட்டி, மேலே ப்ளைவுட் அடியுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றாகக் காற்றுத்துவாரம் வேண்டும், குளிருக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள். கேஸ் அடுப்பும் கரிச்சட்டியும் வெளியேதான். அப்புறம் பாரம்: மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வாகனத்தின் கொக்கியில் இறங்கவேண்டும், பின்பாரம் கூடினால் ரம்பொடை இறக்கத்தில் ட்ரெயிலர் வாலாட்டும். ஓடும்போது பிள்ளைகளை உள்ளே ஏற்றவே வேண்டாம், சொல்லிவிட்டேன்.