ப்ரோன்தே டியூக் பட்டம்: கேள்வி பதில்

நெல்சன் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஆயிற்றே, அவருக்கு எப்படி சிசிலியில் டியூக் பட்டம்?

நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்ட மன்னரைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு. 1798 டிசம்பரில் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸை நெருங்கியபோது, மன்னர் ஃபெர்டினாண்டைக் குடும்பத்தோடு தன் கப்பலில் ஏற்றி சிசிலியின் பலெர்மோ நகரில் சேர்த்தார். வழியில் கடும் புயல். மன்னரின் சின்ன மகன் கப்பலிலேயே இறந்துபோனான். மறுவருடம் நேப்பிள்ஸை மீட்கவும் நெல்சன் துணை நின்றார். சிசிலியில் எட்னா எரிமலை அடிவாரத்தில் உள்ள ப்ரோன்தே என்ற ஊர், 1799இல் பட்டத்தோடு அவர் கைக்கு வந்தது.

அங்கே வாழ்ந்தாரா?

ஒரு தடவைகூடப் போனதில்லை. கையெழுத்தில் மட்டும் 'நெல்சன் அண்ட் ப்ரோன்தே' என்று போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பிறகு?

வாரிசை நெல்சனே தேர்ந்தெடுக்க மன்னர் அனுமதி கொடுத்திருந்தார். 1805இல் அண்ணன் வில்லியமுக்கும், 1835இல் வில்லியமின் மகள் சார்லட்டுக்கும் பட்டம் போனது. குடும்பத்தின் ஆங்கிலேயப் பட்டமான ஏர்ல் அப்படிப் பெண்ணுக்கு வரவில்லை. அது நெல்சனுடைய சகோதரியின் மகனுக்குப் போய்விட்டது. சார்லட் வாழ்க்கைப்பட்டது பிரிட்போர்ட் பிரபு குடும்பத்தில். ப்ரோன்தே அவர்கள் வசமானது அப்படித்தான்.

ஊர்மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. நல்லவேளை, இதைக் கேட்டீர்கள். பட்டத்தின் கதையில் பலரும் தாண்டிப்போகும் இடம் இது. 1491 முதலே அந்த நிலம் பலெர்மோவின் பெரிய மருத்துவமனைக்குச் சொந்தம். அப்போதிருந்தே ஊர் அதனோடு வழக்காடியது. மன்னர் அந்த ஊரைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்தபோது வழக்கும் கூடவே போனது. 1860இல் இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி சிசிலிக்கு வந்து, நிலம் பங்கிடப்படும் என்று அறிவித்தார். காத்திருந்து பார்த்த விவசாயிகள் ஆகஸ்டில் கொதித்தெழுந்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். டியூக்கின் சொத்தைக் காக்கச் சொல்லி பிரிட்டிஷ் தூதர் கரிபால்டியை நெருக்கினார். கரிபால்டியின் தளபதி நினோ பிக்ஸியோ வந்து அவசர விசாரணை நடத்தி ஐந்து பேரைச் சுட்டுக்கொன்றார். அதில் ஒருவர் விவசாயிகள் பக்கம் நின்ற வழக்கறிஞர் நிக்கோலோ லொம்பார்தோ. இன்னொருவர் மனநிலை சரியில்லாதவர். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

ஆங்கில நாவலாசிரியர்களான ப்ரான்டி சகோதரிகளின் பெயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அவர்களுடைய அப்பாவின் பழைய குடும்பப் பெயர் பிரன்டி. நெல்சன்மேல் இருந்த மதிப்பில் மாற்றிக்கொண்டார் என்பது பரவலான கருத்து.

பட்டம் இப்போதும் செல்லுமா?

பிரிட்போர்ட் குடும்பம் இன்றும் வைத்திருக்கிறது. ஆனால் 1948 முதல் இத்தாலிய அரசியல் சட்டம் பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதில்லை. டியூக்குகள் தங்கிய மனியாச்சே மாளிகையை 1981இல் ப்ரோன்தே நகராட்சி விலைக்கு வாங்கியது. இப்போது யாரும் போய்ப் பார்க்கலாம்.