பிள்ளைகளோடு ஒரு பகல் மலைநடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதில் மகனும் நான்கு வயதில் மகளும் இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் கொடைக்கானல் செல்கிறோம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை நடந்து, முடிந்தால் அதற்குக் கீழே உள்ள வெள்ளகவி கிராமம் வரையும் இறங்கிப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்கிறார் என் கணவர். பிள்ளைகளால் இது முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வெள்ளகவியை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். டால்பின் நோஸுக்கும் நான் தயங்கித்தான் சம்மதம் சொல்வேன். மலைநடை என்றாலே காலையில் தெம்போடு ஏறி, களைத்த பிறகு இறங்கி வருவது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். கொடைக்கானலோ மலையின் மேல்விளிம்பில் அமைந்த ஊர்; அங்கிருந்து கிளம்பும் பல பாதைகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். காலையில் துள்ளிக்கொண்டு இறங்கிய பிள்ளை, வயிறு நிறைந்து தூக்கம் கண்ணைச் சொக்கும் நேரத்தில், மரவேர்களே படிகளாக நிற்கும் அதே சரிவில் ஏறியாக வேண்டும். 'இனி நடக்க மாட்டேன்' என்று உட்கார்ந்துவிட்ட பதினைந்து கிலோப் பிள்ளையை யார் தூக்குவது, எவ்வளவு தூரம் தூக்குவது என்று உங்கள் கணவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டால்பின் நோஸ் பாறையின் முனைக்கு அப்பால் நேர்ப்பள்ளம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அங்கே நான்கு வயதுப் பிள்ளையின் கையை ஒரு நொடியும் விட முடியாது. நடக்க வந்த மகிழ்ச்சி அந்தப் பதற்றத்திலேயே கரைந்துவிடும்.

முதல் நாளை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்; பெரும்பாலும் சமதளம். மகள் எந்த இடத்தில் முதன்முதலாகத் 'தூக்கு' என்கிறாளோ, அதுவரை நடந்த தூரத்தில் பாதியே காட்டுப்பாதையில் அவளுக்கான மொத்த நடை என்று கொள்ளுங்கள். போவதும் வருவதும் அதற்குள் அடங்க வேண்டும். இது என் சொந்தக் கணக்குதான், ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் இதுவரை தவறியதில்லை. எட்டு வயது மகன் இன்னும் போகலாம் என்று நச்சரிப்பான். நடையின் அளவைத் தீர்மானிப்பவள் தங்கைதான் என்பதைக் கிளம்பும் முன்பே அவனிடம் சொல்லிவிட்டால் பாதி வழியில் சண்டை வராது.

இலக்கு என்று ஓர் அருவியையோ பாறையையோ வைத்துக்கொள்ளாமல், கடிகாரத்தை வைத்துக்கொள்வது நல்லது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், எந்த இடத்தில் இருந்தாலும் பத்து மணிக்குத் திரும்பிவிடுங்கள். மதியத்துக்குப் பின் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் மேகம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி பாதையை மூடிவிடுவதுண்டு. அதற்குள் ஊர் வந்து சேர்ந்திருப்பீர்கள். போகும்போதே பிள்ளைகளை நிற்க விடுங்கள். பாசி படர்ந்த மரத்தடியில் அரை மணி நேரம் அவர்கள் குந்தியிருந்தால், அதுவும் நடையில் சேர்த்திதான்.

காட்டுப்பாதை எதுவானாலும் வனத்துறையின் அனுமதி பெறாமல் இறங்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற பலரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபர் முதல் வனத்துறையே குறிப்பிட்ட வழிகளில் வழிகாட்டியோடு மலையேற்றம் நடத்திவருகிறது; முன்பதிவு செய்யும்போதே பிள்ளைகளின் வயதைச் சொல்லிவிடுங்கள். பேரிஜம் ஏரிக்குப் போவதற்கும் அனுமதி தேவை. காரில் வருவதானால் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டையும் மறக்க வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை மதுரைக்காரர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி வெப்பம் குறையும். கொடைக்கானல் உங்கள் ஊரைவிட 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயிலில் நடக்கும்போது ஸ்வெட்டர் வேண்டாம் என்று பிள்ளைகள் கழற்றி எறிவார்கள், சோலைக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் நடுங்குவார்கள். எனவே தடிமனான ஒரே உடைக்குப் பதிலாக மெல்லியவையாக இரண்டு மூன்று போட்டுவிடுங்கள். நனைந்தால் உலராத ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். காற்று குளிர்ந்திருந்தாலும் உயரத்தில் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமை கூடியது, தொப்பி கட்டாயம்.

கேள்வி: பதினோரு மாதப் பேரனை முதுகில் சுமக்கும் பையில் வைத்து மகனும் மருமகளும் எங்களோடு காட்டுக்கு அழைத்து வரப்போகிறார்கள். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று என் மனைவி கவலைப்படுகிறாள்.
– ஒரு வாசகர், பழனி

பதில்: கொடைக்கானலின் உயரம் குழந்தைக்கு மூச்சுத்திணறல் தரும் அளவுக்கானது அன்று, அதற்காக உங்கள் துணைவியார் அஞ்ச வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது குளிரைத்தான். சுமக்கும் தகப்பனுக்கு வேர்த்துக் கொட்டும்; அதே நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கையும் காலும் சில்லிட்டுப் போகும். தனக்குப் புழுக்கமாக இருப்பதால் குழந்தைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொள்வார். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் பிடரியில் பாட்டி கைவைத்துப் பார்க்கட்டும்; அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? மலைச்சாலையில் காது அடைத்துக் குழந்தை அழுதால் பால் கொடுங்கள். விழுங்கும்போது அடைப்பு விலகும்.

கேள்வி: காட்டுமாடும் அட்டையும் இருக்கும் இடத்துக்குச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அட்டை பயமுறுத்துமே தவிர ஆபத்தானதன்று. மழைக்காலச் சோலையில் கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். கடித்துவிட்டால், உறிஞ்சும் வாயின் ஓரத்தில் நகத்தைச் செருகித் தள்ளினால் விழுந்துவிடும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் வெகுநேரம் கசியும். சோப்பால் கழுவி, துணியால் சற்று அழுத்திக் கட்டினால் போதும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளை அலறாது.

காட்டுமாட்டை அப்படி எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. கொடைக்கானல் தெருவிலேயே அது மேய்வதைப் பார்த்துப் பழகி, வீட்டு மாடு போலச் சாது என்று எண்ணிவிடுகிறார்கள். அது தன் பக்கவாட்டு உடலை நமக்குக் காட்டிக்கொண்டு நின்றால், அழகு காட்டுகிறது என்று செல்பேசியை நீட்டாதீர்கள். தன் உருவத்தைக் காட்டி விலகிப் போகச் சொல்கிறது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்தாமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் எக்காரணம் கொண்டும் புகுந்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மலையூர்களின் வேலியோரங்களில் மணிபோலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை, மஞ்சள் பூக்கள் ஊமத்தையின் உறவு. செடி முழுவதும் நஞ்சு. பூவை எடுத்து ஊதுகுழலாக வாயில் வைக்காத பிள்ளை அரிது, ஆகவே ஊதுவதற்கென்று ஆளுக்கொரு உண்மையான விசிலைக் கழுத்தில் கட்டிவிடுங்கள். யாரையும் காணவில்லை என்றால் தேடி நடக்காமல், அருகிலுள்ள மரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை ஊத வேண்டும் என்று வீட்டு மாடியிலேயே பழக்குங்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு நாள் பொறுத்துக்கொள்வார்கள்.