ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்தா?

கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைப் பார்க்கும் டார்ச் ரத்தப் பரிசோதனையில், நான்காம் மாதத்தில் ரூபெல்லா (ஜெர்மன் அம்மை), சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) இரண்டுக்கும் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்திருப்பதாகவும், இதனால் குழந்தைக்குப் பாதிப்பு வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐஜிஜி என்பது முன்பு வந்த தொற்றோ போட்ட தடுப்பூசியோ ரத்தத்தில் விட்டுச்சென்ற எதிர்ப்பொருள்; ஐஜிஎம் அண்மையில் வந்த தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள். நான் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். முக்கூடலிலிருந்து மருமகளைக் கூட்டி வந்த ஓர் அம்மா, ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, "ஏம்மா, புள்ளைக்கு என்னமும் கோளாறா?" என்று கேட்டார், மருமகள் தலை நிமிரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கும் உங்களைப் போலவே, எப்போதோ வந்துபோன தொற்றின் அடையாளம்தான் ரத்தத்தில் இருந்தது. அதற்காக ஒரு பெண்ணைக் குற்றவாளி போல நிற்க வைப்பது பெரிய அநியாயம்.

ரூபெல்லாவைப் பொறுத்தவரை நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். முன்பே ரூபெல்லா வந்தோ தடுப்பூசி போட்டோ எதிர்ப்பாற்றல் பெற்ற தாயிடமிருந்து அது குழந்தைக்குப் போவது மிக அரிது. ஆபத்தெல்லாம் கர்ப்பத்தில் முதன்முறையாக வரும்போதுதான்: 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கவனித்த பிறவிக் கண்புரைக் குழந்தைகளின் தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது.

சிஎம்வி அப்படியல்ல. அது ஒருமுறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கும். சில வேளை மறுபடி தலைதூக்கும், அதே வைரஸின் வேறொரு வகையும் புதிதாகத் தொற்றலாம். கர்ப்பத்தில் முதன்முறையாக வந்தால் 100 பேரில் 30 முதல் 40 பேருக்குக் குழந்தைக்கும் பரவுகிறது; ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உள்ளவர்களிடம் அது ஏறத்தாழ 1 ஆகக் குறைகிறது. இது பெரிய பாதுகாப்புதான். ஆனால் நம் நாட்டில் 10 கர்ப்பிணிகளில் 9 பேருக்கு மேல் ஐஜிஜி பாசிட்டிவாகவே இருப்பதால், இங்கே சிஎம்வியோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அத்தகைய தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். அப்படிக் குழந்தைக்குத் தொற்றிவிட்ட பிறகு, சிஎம்வியால் வரக்கூடிய காது கேளாமை வராமல் தாயின் எதிர்ப்பாற்றல் முழுமையாகக் காப்பதும் இல்லை.

சிஎம்வி சிறு குழந்தைகளின் எச்சில், சிறுநீர் வழியாகப் பரவும். ஆகவே வீட்டில் மூத்த குழந்தை இருந்தால், அது தட்டில் வைத்த மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கத்தை இப்போதைக்கு விடுங்கள். எச்சில் துடைத்தாலும் சிறுநீர்த் துணி மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிறந்ததும் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதில் குறை தெரிந்தால், பிறந்த 3 வாரத்துக்குள் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ சிஎம்வி பார்த்துவிட வேண்டும். அதற்குப் பின் பார்த்தால், கருவிலேயே வந்ததா, தாய்ப்பால் வழியாகப் பிறகு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.