கடைக் கணக்கு போடுற பையன் மக்கா?

கேள்வி: அக்கா, என் பையன் ஒன்பதாவது, மேக்ஸ்ல மறுபடியும் ஃபெயில், மக்குன்னு டீச்சரே சொல்லிட்டாங்க. ஆனா சாயங்காலம் எங்க இட்லி வண்டில நின்னா நாலு பேர் கணக்கை மனசுலயே போட்டு மீதி சில்லறையை கரெக்டா குடுத்துடுறான். ஒண்ணும் புரியல.
- ஒரு அம்மா, தாராவி, மும்பை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த மக்குங்கிற பேச்சு வீட்ல வரவே கூடாது. பிரேசில்ல ரெசிஃபேன்னு ஒரு ஊரு, அங்க தெருவுல வியாபாரம் பண்ற பசங்களை வச்சு பண்ணின ஆய்வு 1985ல வந்துச்சு, அதுல 12 வயசுப் பையன்கிட்ட ஒரு தேங்கா 35ன்னா 10 தேங்கா எவ்ளோன்னு கேக்குறாங்க, அவன் மூணு மூணா சேத்து 105, 210, 315ன்னு போய் 350ல நிக்கிறான். அந்தப் பசங்க தெருவுல 98 சதவீதம் சரியா சொன்னாங்க, அதே கணக்கை வெறும் நம்பரா குடுத்தப்போ சுமார் 37தான். உங்க பையன் கதையும் இதேதான்னு எனக்குத் தோணுது.

அறிவு பல வகைன்னு ஹோவர்ட் கார்ட்னர்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1983லயே சொன்னார், அதுக்கு ஆதாரம் பத்தாதுன்னு சொல்ற சைக்காலஜிஸ்டுங்களும் நிறைய பேர். அதனால இவன் வேற டைப்புன்னு மேக்ஸை கைவிட்டுடாதீங்கம்மா, அவனுக்கு கணக்கு வருது, பேப்பர்ல எழுதத்தான் வரல.

ராத்திரி வண்டி மூடினதும் 3 பிளேட் இட்லி, 2 வடை, 200 ரூபா நோட்டுன்னா மனசுல எந்த வழில போனான்னு ஸ்டெப் ஸ்டெப்பா நோட்ல எழுதச் சொல்லுங்க, அந்த நோட்டை டீச்சர்கிட்ட கொண்டு போய் காட்டுங்க.